மச்சுக்கு ஒரு ஜன்னல்

பட்டணத்து பிளாட்டுகளில் 'லாஃப்ட்' இருக்கும். பழைய சூட்கேஸ், கொலு பொம்மை எல்லாம் ஏத்தி வைப்பீங்க. எங்க கல்குளம் பக்கத்து ஓட்டு வீடுகளில் அதைவிடப் பெரிசா, வீட்டு நீளத்துக்கே ஒரு இடம் உண்டு. கீழே பலகைத் தட்டு, மேலே ரெண்டு பக்கமும் சரிஞ்ச கூரை. நடுவில் ஆள் நிமிர்ந்து நிக்கலாம், ஓரத்துக்குப் போகப் போக குனியணும். அதுதான் மச்சு. நெல்லு, தேங்காய், புளி, வெங்கலப் பாத்திரம் எல்லாம் அங்கே இருக்கும். மனுஷன் படுக்கிறது அபூர்வம். இருட்டு, வெக்கை.

இந்த மாதிரி இடத்தை அறையாக்க உலகம் முழுக்கச் செய்யற வேலை ஒண்ணுதான். கூரையில் கொஞ்சம் திறந்து, அங்கே நேரா நிக்கிற ஜன்னல் வெச்சு, ஜன்னலுக்குன்னு தனியா ஒரு குட்டிக் கூரை போடுவாங்க. இங்கிலீஷ்காரன் அதை 'டார்மர்' என்கிறான். தூங்குவதைக் குறிக்கிற பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்த பேரு. படுக்கிற அறைக்கு வெச்ச ஜன்னல்னு அர்த்தம்.

இது பெரிசா பரவினது பாரிஸ் நகரத்தில். அங்கே 1783-ல் ஒரு சட்டம் போட்டாங்க. தெருவின் அகலத்தைப் பொறுத்துதான் கட்டடத்தின் உயரம். ஆனா அந்த உயரத்தைச் சுவர் முடியற இடம் வரைக்கும்தான் அளந்தாங்க, கூரை கணக்கில் வராது. ஜனங்க சும்மா இருப்பாங்களா? கூரையைச் செங்குத்தா தூக்கி, அதுக்குள்ளேயே இன்னொரு மாடி எடுத்து, வரிசையா ஜன்னல் வெச்சாங்க. 19-ஆம் நூற்றாண்டில் அந்த அறைகளில் குடியிருந்தது வீட்டு வேலைக்காரப் பெண்கள். கோடையில் வேகும், குளிரில் விறைக்கும். அங்கே கூரைக்கு அடியில் இருக்கிறவன்னா ஏழைன்னு அர்த்தம்.

நம்ம ஊர்க் கதை தலைகீழ். எங்க வீட்டுக்குப் பக்கத்தில்தான் பத்மநாபபுரம் அரண்மனை. 1795 வாக்கில் தலைநகரம் திருவனந்தபுரம் போகும் வரைக்கும் திருவிதாங்கூர் ராஜாக்கள் இருந்த இடம். 1956-ல் எங்க ஜில்லா தமிழ்நாட்டோட சேர்ந்தாலும், அரண்மனையை இன்னைக்கும் கேரள அரசுதான் பார்த்துக்குது. முன்வாசலில் நின்னு கூரையைப் பாருங்க. சரிவு முடியற இடத்தில் முக்கோணமா, மரத்தில் இழைச்ச முகப்பு இருக்கும். அழகுக்கு மட்டும்னு நினைச்சா தப்பு. கூரைக்குள் ஏறின சூட்டுக் காத்து வெளியே போற வழியும் அதுதான். மேல்மாடி மந்திரசாலை ஜன்னலில் கலர் அப்பிரகம் பதிச்சு, கண் கூசாத வெளிச்சம் வர்ற மாதிரி செஞ்சிருக்காங்க. மேலே எப்படி வாழணும்னு தெரிஞ்ச ஆசாரிமார் எங்க மண்ணில் அப்பவே இருந்தாங்க.

ஆனா அந்த வித்தை எல்லாருக்கும் இல்லை. நாடார் முதலான சாதிகள் ஒரு நிலைக்கு மேல் வீடு கட்டக் கூடாதுன்னு திருவிதாங்கூரில் கட்டுப்பாடு இருந்தது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, தங்க நகை கூடாதுங்கிற வரிசையில் அதுவும் ஒண்ணு. தோள்சீலைப் போராட்டமும் 1859-ல் வந்த அரசு அறிவிப்பும் நிறையப் பேருக்குத் தெரியும். வீட்டு உயரத்தைப் பத்தி யாரும் அதிகம் பேசறதில்லை. எங்க முன்னோர்களும் அந்தக் கட்டுப்பாட்டுக்குக் கீழே ஓலைக் குடிசையில் இருந்தவங்கதான்.

அந்த அறிவிப்பு வந்து ஆறு வருஷத்தில், 1865-ல், மங்களூரில் பாசல் மிஷன்காரங்க ஓட்டு ஆலை ஆரம்பிச்சாங்க. ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்ற ஜெர்மன்காரர் முன்னின்று நடத்தினார். ஒண்ணோட ஒண்ணு கவ்விப் பிடிக்கிற இந்த வகை ஓட்டுக்கு, பிரான்சின் அல்சேஸ் பகுதியில் கிலார்டோனி சகோதரர்கள் 1841-லேயே காப்புரிமை வாங்கியிருந்தாங்க. அதுக்கு முன்னால நம்ம ஊரில் இருந்தது வளைஞ்ச நாட்டு ஓடு. அதை அடுக்கடுக்காப் போடணும், பாரம் அதிகம். குரங்கும் காத்தும் கலைச்சுப் போடும், அடிக்கடி பிரிச்சு மேயணும். மங்களூர் ஓடு சதுர மீட்டருக்குச் சுமார் 15 போதும். பாரம் குறைஞ்சதால் கழுக்கோலும் அத்தனை கனமா வேண்டியதில்லை. நடுத்தரக் குடும்பத்துக்கும் ஓட்டு வீடு, அதுக்குள்ள மச்சு, கைக்கு எட்டினது இப்படித்தான்.

எங்க தாத்தா கட்டின வீடும் அந்த வகைதான். நெல் வைக்க மட்டும் அவர் மச்சு போடலை. போடக் கூடாதுன்னு சொன்ன காலத்தைத் தாண்டி வந்ததுக்கு அது அடையாளம்.

இப்ப ஊருக்குள்ள இந்த வீடுகள் ஒவ்வொண்ணா போகுது. பிள்ளைகளுக்கு அறை பத்தலைன்னு மொத்தமா இடிச்சு, கான்கிரீட் தட்டட்டி போட்டுடறாங்க. நூறு வருஷத்துத் தேக்கும் அயினியும் லாரியில் ஏறிப் போகுது. என் மகளுக்கும் தனி அறை வேணும். இடிக்கச் சொல்லித்தான் எல்லாரும் சொன்னாங்க. நான் மச்சில் ஜன்னல் திறக்கப் போறேன்.

எழுபது வயசைத் தாண்டின ஆசாரி ஒருத்தர் வந்து பார்த்தார். "கழுக்கோலை வெட்டுறது பெரிய காரியமில்ல. வெட்டினதோட சுமையை எங்க இறக்குறதுன்னு தெரியணும்"னார். வெட்டுப்படற கழுக்கோலின் பாரத்தைக் குறுக்குச் சட்டம் வெச்சு, ரெண்டு பக்கமும் இருக்கிற முழுக் கழுக்கோலுக்கு மாத்தணும். அந்த ரெண்டுக்கும் இன்னொரு மரம் சேர்த்துக் கட்டணும். குட்டிக் கூரையும் பெரிய கூரையும் சேர்ற கூடல்வாய்தான் கண்டம். தகடு சரியா மடிச்சுப் போடலேன்னா மழை உள்ளே வந்துடும். இடவப்பாதி, துலா மழைன்னு வருஷத்துக்கு ரெண்டு மழைக்காலம் வர்ற ஊர் இது. தட்டைத் தாங்கற உத்திரங்களையும் தட்டிப் பார்த்தார். மூட்டை மூட்டையா நெல்லைத் தாங்கின மரம், கரையான் இல்லாத வரைக்கும் ஆளைத் தாங்கும்.

கண்ணாடி ஓடு நாலு போட்டால் போதாதான்னு கேக்கலாம். வெளிச்சம் வரும், கூடவே சூடும் வரும், காத்து வராது. ஒரு சரிவில் ஜன்னல், எதிர்ப்பக்கம் மோட்டுக்குக் கீழே சூடு போக வழி. ரெண்டும் சேர்ந்தால்தான் மனுஷன் இருக்க முடியும். அரண்மனை முகப்பைச் செதுக்கினவங்களுக்குத் தெரிஞ்சது இதுதான்.

உங்க சொந்த ஊரிலும் பூட்டிக் கிடக்கிற ஓட்டு வீடு இருக்கலாம். விலை பேசறதுக்கு முன்னால, தெரிஞ்ச மர ஆசாரி ஒருத்தரைக் கூட்டிட்டு மச்சில் ஏறிப் பாருங்க. மரம் இன்னும் நூறு வருஷம் நிக்கும். அதைத் திறக்கத் தெரிஞ்ச கைதான் குறைஞ்சுக்கிட்டே வருது.