வலையமைப்பு முன்னே, வன்பொருள் பின்னே: வன்னிக் கரையோரத்தில் கணினி அறிவு பரவிய வரிசை

கணினி அடிப்படை அறிவைச் சொல்லித்தரும் நூல்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில் நடக்கும். முதலில் வன்பொருள், அடுத்து பணிசெயல் முறைமை, கடைசியில் வலையமைப்பு. சாதாரண மனிதரின் வீட்டுக்குக் கணினி வந்த வரலாறும் ஏறக்குறைய இதே வரிசைதான். ஐபிஎம் நிறுவனத்தின் தனிநபர் கணினி 1981இல் சந்தைக்கு வந்தது. கட்டளைகளைத் தட்டச்சுச் செய்யும் திரையின் இடத்தைச் சாளரங்களும் சுட்டியும் பிடித்துக்கொண்டது 1990இல் வின்டோஸ் 3.0 வெளிவந்ததையடுத்து. தொலைபேசிக் கம்பியில் மோடத்தைப் பூட்டி இணையத்துக்குள் நுழைவது 1990களின் நடுப்பகுதியில் பரவியது. கொழும்பில் வணிக இணையச் சேவை 1995இல் தொடங்கியது.

இந்த வரிசையை வன்னிப் பெருநிலத்துக்கு, குறிப்பாக முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியில் கடலுக்கும் களப்புக்கும் இடையில் கிடக்கும் கொக்கிளாய்க்குப் பொருத்திப் பார்த்தால் அது பொருந்தாது. அங்கே பெரும்பாலானோர் முதலில் அறிந்தது வலையமைப்பை. அதுவும் கைத்தொலைபேசி வழியாக. பணிசெயல் முறைமை அதற்குள் மறைந்தபடி வந்தது. திறந்து பார்க்கக்கூடிய வன்பொருள் கடைசியில் வந்தது, சிலருக்கு இன்னும் வரவில்லை. இந்தத் தலைகீழ் வரிசைக்குப் பொதுவாக 'பின்தங்கிய பிரதேசம்' என்று ஒரு காரணம் சொல்லிவிடுவார்கள். அந்தச் சொல் எதையும் விளக்குவதில்லை. மின்சாரம், பாதை, இடப்பெயர்வு ஆகிய மூன்றும் எந்த ஆண்டில் எப்படி இருந்தன என்று பார்த்தாலே வரிசை ஏன் புரண்டது என்பது விளங்கும்.

1984

இலங்கையின் கணினி வரலாற்றில் 1984 முக்கியமான ஆண்டு. தேசிய கணினிக் கொள்கையை நடைமுறைப்படுத்த சின்ரெக் என்ற பேரவை அமைந்தது அந்த ஆண்டில்தான். ஆதர் சி. கிளார்க் நிலையத்துக்கான சட்டமும் அதே ஆண்டில் நிறைவேறியது. பேராசிரியர் வி. கே. சமரநாயக்க முதலானோர் கொழும்புப் பல்கலைக்கழகத்தை மையமாக வைத்துக் கணினிக் கல்விக்கு அடித்தளம் இட்டுக்கொண்டிருந்த காலம் அது.

அதே 1984இன் டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி உள்ளிட்ட கரையோரக் கிராமங்களின் தமிழ் மக்கள் தங்கள் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். போர் முடிந்து, 2011ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் அவர்கள் மீள்குடியேறினர். இடைப்பட்ட கால் நூற்றாண்டுக்கு மேலான காலத்தில் நெகிழ்தட்டு வந்து மறைந்தது, குறுந்தட்டு வந்து மறைந்தது, மோடம் வந்து மறைந்தது. வேறோர் ஊரில் ஒரு பிள்ளை படிப்படியாகக் கண்டு வளர்ந்திருக்கக்கூடிய எல்லாமே இந்த ஊருக்கு வெளியே நடந்து முடிந்தன. கொக்கிளாயின் கணினி வரலாற்றை எழுத வருபவர் முதலில் எழுத வேண்டியது இந்த வெற்றிடத்தைத்தான். அதைத் தாண்டிக் குதித்து 'இன்றைய நிலை'க்கு வருவது வசதியான முறை, சரியான முறையல்ல.

மின்சாரம் இல்லாத மின்னியல்

1990இல் போர் மீண்டும் மூண்டதும் வன்னியில் மின்வழங்கல் அற்றுப்போனது. பொருளாதாரத் தடையின் கீழ் எரிபொருளும் பற்றரியும் கட்டுப்படுத்தப்பட்டன. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்னில் வானொலி கேட்ட காலம் அது. வட பகுதியில் அந்தத் தலைமுறையினர் எவரைக் கேட்டாலும் சொல்வர். இதை வெறும் கஷ்டக் கதையாகச் சொல்வது வழக்கம். ஆய்வு நோக்கில் அது வேறொன்றையும் காட்டுகிறது. மின்னழுத்தம், நேர்முனை, எதிர்முனை, டயோட்டு, சுருள் என்பன பாடப்புத்தகத்துக்கு வெளியே, கைப்பழக்கமாகவே மக்களிடம் இருந்தன. கணினி இல்லாதிருந்ததே தவிர, கணினியைத் திறந்து பார்க்கத் தேவையான துணிவு இல்லாதிருக்கவில்லை.

கணினி வகுப்பு என்றால் அப்போது வவுனியா. அங்கே 1991இல் வட மாகாண இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாக உயர்ந்தது. 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகம் ஆனது. வளாகம் ஆனது முதலே பிரயோக விஞ்ஞான பீடம் அங்கிருந்ததால் கணினி கற்பித்தலும் வேரூன்றியது. ஆனால் முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்குப் போவது 'பாஸ்' எனப்பட்ட பயண அனுமதி சம்பந்தப்பட்ட விடயம். சோதனைச்சாவடிகளைத் தாண்டி ஆறு மாத டிப்ளோமா படிக்கப் போகக்கூடியவர் எத்தனை பேர்?

2002 பெப்ரவரிப் போர்நிறுத்த உடன்பாட்டுக்குப் பிறகு ஏ9 பாதை திறந்தது. கிளிநொச்சியில் கணினி நிலையங்கள் முளைத்தன. புலம்பெயர்ந்த தமிழ்த் தொழில்வல்லுநர்களின் துணையோடு நடந்த வன்னிரெக் அவற்றில் அறியப்பட்டது. ஜெனரேற்றர் ஓடும் நேரமே வகுப்பு நேரம். வின்டோஸ் 98உம் எக்ஸ்பியும் நிறைந்த அந்த அறைகளில் தொடக்க மாணவர் கற்ற முதல் பணிசெயல் முறைமைப் பாடம், என் பார்வையில், கோப்புறை திறப்பதல்ல. பாமினி எழுத்துருவை நிறுவுவது.

பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்துவைத்த எழுத்துரு. ஜே, கே, பி, ஓ என்ற நான்கு விசைகளையும் அரைப்புள்ளியையும் தட்டினால் திரையில் 'தமிழ்' தெரியும். அதே கோப்பை எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அந்த நான்கு ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும் மட்டுமே தெரியும். ஆகவே கோப்போடு எழுத்துருவையும் நெகிழ்தட்டில் கொண்டுபோக வேண்டும். போன இடத்தில் வின்டோஸின் எழுத்துருக் கோப்புறையைக் கண்டுபிடித்து அங்கே இட வேண்டும். கோப்பில் இருப்பது எண்கள்தான், அவற்றுக்கு உருவம் கொடுப்பது பணிசெயல் முறைமை என்ற அடிப்படை உண்மையை வன்னி மாணவர் இப்படித்தான் கற்றார். வின்டோஸ் 2000 ஒருங்குறித் தமிழுக்கு இடம் கொடுத்த பிறகும், இலங்கையின் தமிழ்த் தரநிலையான எஸ்எல்எஸ் 1326 2008இல் வந்த பிறகும், அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பாமினி நீண்ட காலம் நிலைத்தது. பழக்கமான விசைகளை விரல்கள் எளிதில் விடுவதில்லை.

அந்தக் கணினி அறைகளில் கற்ற தலைமுறை சிறியது. கிளிநொச்சியையும் புதுக்குடியிருப்பையும் சுற்றியே இருந்தது. 2008இலும் 2009இலும் அடுத்தடுத்த இடப்பெயர்வுகளில் இயந்திரங்கள் அழிந்தன. மக்கள் செட்டிக்குளம் முகாம்களுக்குப் போனார்கள்.

கணக்கில் வராத மாகாணம்

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2009இல் நாட்டின் கணினி எழுத்தறிவு 20.3 சதவீதம் என அறிவித்தது. அந்தக் கணக்கெடுப்பில் வட மாகாணம் சேர்க்கப்படவில்லை. பத்தாண்டு கழித்து 2019இல் வந்த எண் 30.8 சதவீதம், அதில் வடக்கும் உண்டு. இரண்டு எண்களையும் ஒரே கோட்டில் இணைத்து 'வளர்ச்சி' காட்டும் கட்டுரைகள் இருக்கின்றன. ஒன்றில் வன்னி இருக்கிறது, மற்றதில் இல்லை என்பதை அவை கவனிப்பதில்லை.

வரையறையும் கேள்விக்குரியது. 5 முதல் 69 வயது வரையுள்ள ஒருவர் தானாகக் கணினியைப் பயன்படுத்தினால் போதும். ஐந்து வயதுப் பிள்ளை கணினியில் விளையாடினாலும் எழுத்தறிவு பெற்றதாகவே திணைக்களம் கொள்கிறது. பரவலை அளக்க அது உதவும். கணினி நின்றுபோனால் என்ன செய்வது என்று தெரிந்தவர் எத்தனை பேர் என்பதை அது அளக்காது.

கோபுரம் முதலில் வந்தது

மீள்குடியேறிய மக்களுக்குத் தகரக் கொட்டிலும் தற்காலிக வீடும் கிடைத்த ஆண்டுகளிலேயே வன்னியெங்கும் கைத்தொலைபேசிக் கோபுரங்கள் எழுந்துகொண்டிருந்தன. தனியார் நிறுவனங்களுக்கு வாடிக்கையாளர் தேவை. கோபுரத்துக்கு ஒரு துண்டு நிலமும் ஜெனரேற்றரும் போதும். ஒவ்வொரு வீட்டுக்கும் மின்கம்பம் நடுவதைவிட அது விரைவான வேலை. செம்புக் கம்பித் தொலைபேசியும் அதன்மேல் வந்த மோடமும் ஏடிஎஸ்எல்லும் இந்தக் கரைக்குப் பெரும்பாலும் வராமலே காலாவதியாயின. மேசைக்கணினி என்ற கட்டத்தையும் பலர் தாண்டிப் போய்விட்டார்கள்.

தொழிலுக்குப் போகும் மீனவர் கையில் இருந்த அன்ரொயிட் தொலைபேசியில் கணினி ஒன்று இருந்தது. ஆனால் அதைக் கணினி என்று எவரும் சொல்லவில்லை. அதில் லினக்ஸ் கருவகம் இயங்குகிறது. சிம் அட்டை கோபுரத்தோடு பேசி அடையாளம் காட்டியதும் நிறுவனம் அதற்கு ஓர் ஐபி முகவரி கொடுக்கிறது. பயனர் கேட்கும் தளத்தின் பெயரை எண் முகவரியாக்கித் தருவது டிஎன்எஸ். ஒரு படம் சிறு பொதிகளாக உடைந்து கோபுரத்திலிருந்து கொழும்புப் பக்கம் போய், அங்கிருந்து கடலடிக் கேபிளில் வெளியேறுகிறது. கொக்கிளாயின் வீட்டு வாசலிலேயே வங்கக் கடல் கிடந்தாலும், அந்தப் பொதிகள் தீவின் குறுக்கே மேற்குக் கரைக்கோ தெற்கே மாத்தறைக்கோ போய்த்தான் கடலில் இறங்குகின்றன.

இதெல்லாம் தெரியாமலே 'கவரேஜ் இருக்கு, ஆனா நெற் வேலை செய்யேல்லை' என்று வேறுபடுத்திச் சொல்ல மக்கள் கற்றுக்கொண்டார்கள். கோபுரத்தோடு தொடர்பு ஒன்று, இணையத்தோடு தொடர்பு வேறொன்று என்ற இந்தப் பாகுபாடு வலையமைப்புப் பாடத்தின் அடுக்குகளைப் பற்றிய முதல் அறிவு. கற்பிக்க வருபவர்கள் இதை அறிவாக மதிப்பதில்லை.

அரசுத் திட்டங்களும் வந்தன. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இக்ரா என்ற தகவல் தொடர்பாடல் தொழினுட்ப நிறுவனம் 'நெனசல' நிலையங்களைத் தமிழில் அறிவகம் என்ற பெயரில் திறந்தது. அதன் மின்நூலகத் திட்டம் 2014இல் கேட்ஸ் மன்றத்தின் பத்து இலட்சம் டொலர் விருதைப் பெற்றது. மகிந்தோதயத் திட்டம் நாடெங்கும் 1000 இடைநிலைப் பாடசாலைகளில் தொழினுட்ப ஆய்வுகூடங்களைக் குறிவைத்தது. க.பொ.த. உயர்தரத்தில் தொழினுட்பத்துறை 2013இல் வந்தது. பாடநூலோ பழைய வரிசையிலேயே இருக்கிறது. தரம் 10இல் கணினி முறைமை, தரவு வகைகுறிப்பு, தருக்கப் படலைகள், பணிசெயல் முறைமை. இணையமும் மின்னஞ்சலும் தரம் 11இல். பிள்ளை பத்து வயதில் தொட்டதைப் பதினாறு வயதில் 'அறிமுகம்' செய்கிறோம்.

மூன்று வோல்ற் பற்றரி

ஆய்வுகூடம் கிடைத்த பாடசாலைகளில் அடிக்கடி நிகழும் ஒரு கோளாறு, வலையமைப்புப் பழக்கத்துக்கும் வன்பொருள் அறிவுக்கும் இடையிலான துண்டிப்பைத் தெளிவாகக் காட்டும். விடுமுறை முடிந்து கணினியைப் போட்டால் வின்டோஸ் வருகிறது, இணைய இணைப்புக் குறியும் இருக்கிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்காது. 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்ற எச்சரிக்கை மட்டும் வரும். மாணவர் 'நெற் இல்லை' என்பார். டேட்டா முடிந்துவிட்டதா என்று ஆசிரியர் பார்ப்பார். ரவுட்டரைக் கழற்றிப் பூட்டுவார். திரையின் வலது கீழ் மூலையில் ஆண்டு 2010 என்று காட்டுவதை எவரும் கவனிப்பதில்லை.

தாய்ப்பலகையில் ஒரு ரூபாய் நாணயம் அளவில், சிஆர்2032 என்று பொறித்த 3 வோல்ற் பற்றரி இருக்கும். மின் துண்டிக்கப்பட்டிருக்கும்போது கணினியின் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். ஐபிஎம் தனது ஏ.ரி. கணினியில் 1984இல் கொண்டுவந்த ஏற்பாட்டின் வழித்தோன்றல் இது. பற்றரி தீர்ந்தால் கடிகாரம் தொழிற்சாலைத் தேதிக்குத் திரும்பும். பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும்' என்ற சான்றிதழைக் காட்டும். 2010இல் நிற்கும் கணினிக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை. எனவே உலாவி மறுக்கிறது. பழுது வன்பொருளில், வெளிப்படுவது பணிசெயல் முறைமையின் கடிகாரத்தில், குற்றச்சாட்டு வலையமைப்பின் மேல்.

கரையோரத்தில் இன்னொரு சிக்கல் உப்புக்காற்று. நினைவகத் தகட்டின் பொன்னிறத் தொடுமுனைகளிலும் அதைப் பூட்டும் பொருத்தியிலும் அழுக்கும் துருவும் படியும். கணினி பீப் ஒலி எழுப்பி நின்றுவிடும். மின்னிணைப்பைக் கழற்றி, தகட்டை எடுத்து, பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பப் பூட்டினால் பெரும்பாலும் சரியாகும். இதற்காக ஒரு பெட்டியை முல்லைத்தீவுக்கோ வவுனியாவுக்கோ பஸ்ஸில் ஏற்றி அனுப்ப வேண்டியதில்லை. பொருள் இருப்புப் பதிவேட்டில் உள்ள அரச சொத்தைத் திறந்தால் பொறுப்பு யாருடையது என்ற பயம்தான் கையைத் தடுக்கிறது. டைனமோவைக் கழற்றிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் முன்னால் இந்தப் பெட்டிகள் மூடியே கிடக்கின்றன.

நிர்ப்பந்தம் கற்பித்தது

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடம் வட்ஸ்அப்புக்கு வந்தது. 2022 யூலையில் எரிபொருள் அட்டைக்காக அடையாள அட்டை எண்ணையும் வாகனத்தின் செசி எண்ணையும் இணையத்தில் பதிந்து கியூஆர் குறி பெற வேண்டியிருந்தது. ஸ்மார்ட்போன் இல்லாதவர் அதை அச்சிட்டு மடித்துப் பையில் வைத்தார். எந்தப் பயிற்சித் திட்டமும் செய்யாத அளவுக்கு அந்தச் சில வாரங்கள் ஊர்களைப் படிவமும் கடவுச்சொல்லும் பழக்கின.

முறையான வன்பொருள் கல்வி இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் 2016இல் திறந்த இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் அங்கேதான். கொக்கிளாயிலிருந்து அது தூரம்; தங்கிப் படிக்க வேண்டிய தூரம்.

இதற்கிடையில் 2025 ஒக்ரோபர் 14 அன்று வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது. வின்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 சில்லும் எட்டாம் தலைமுறை முறைவழியாக்கியும் 2012, 2013 காலத்தில் வாங்கிய ஆய்வுகூடக் கணினிகளில் இல்லை. அவற்றைக் கழிக்கலாம், அல்லது உபுண்டு போன்ற லினக்ஸை நிறுவி மேலும் சில ஆண்டுகள் ஓட்டலாம். இரண்டாவது வழிக்கு ஒரு பென்ட்ரைவ் போதும். அதிலிருந்து தொடங்கச் சொல்லிப் பயோஸில் வரிசையை மாற்ற வேண்டும், வன்றட்டைப் பிரிக்க வேண்டும், பழைய கோப்புகளை முன்பே நகலெடுக்க வேண்டும், நிறுவியதும் கைத்தொலைபேசியை யூஎஸ்பி வடத்தால் பூட்டி, அதன் இணையம் வழியே வைஃபை அட்டைக்கான இயக்கியை இறக்க வேண்டும். தரம் 10 மாணவர் நால்வருக்கு அது ஒரு பிற்பகல் வேலை, கணினியில் கைவைக்க அதிபர் அனுமதித்தால்.