அங்கவடி இல்லாத குதிரை

சென்னைத் தீவுத்திடலின் பழைய புகைப்படங்களில் தவறாமல் தென்படுபவர், குதிரை மேல் அமர்ந்த தாமஸ் மன்றோ. பிரான்சிஸ் சாண்ட்ரி லண்டனில் செய்த இந்த வெண்கலச் சிலை 1839இல் இங்கே நிறுவப்பட்டது. உற்றுப் பார்த்தால் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை.

சிற்பி மறந்துவிட்டார் என்பது ஊர்க்கதை. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் அதே சாண்ட்ரி வடித்த நான்காம் ஜார்ஜ் மன்னரும் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். ஒரே ஆள் இரண்டு முறையா மறப்பார்?

சேலத்துக்காரர்களுக்கு இந்தச் சிலையோடு பழைய கணக்கு ஒன்று உண்டு. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலம், நாமக்கல் சமவெளியும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. நிலத்தை அளந்து தீர்வை போட வந்த அலெக்சாண்டர் ரீடின் உதவியாளர்களில் ஒருவர், இளம் ராணுவ அதிகாரி மன்றோ. தருமபுரிப் பக்கம் ஏறத்தாழ ஏழாண்டுகள் இருந்தார். ஜமீன்தாரை இடையில் வைக்காமல் உழவரிடமே வரி வாங்கும் ரயத்துவாரி முறை இந்தச் சீமையில்தான் உருப்பெற்றது. கனிவான ஏற்பாடு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தீர்வை கனமாகவே இருந்தது.

1820இல் சென்னை ஆளுநரான மன்றோ, 1827இல் சுற்றுப்பயணத்தின்போது பத்திகொண்டாவில் காலராவுக்குப் பலியானார். பொதுமக்களிடம் திரட்டிய பணத்தில்தான் சிலை எழுந்தது.