ஆள்நிறுத்தி

சங்கரன்கோவில் சங்கரநாராயணர் ஆலயத்தில் பூலித்தேவர் பெயரால் ஓர் அறை இருக்கிறது. கும்பினியாரிடம் சிறைப்பட்ட நெற்கட்டான்செவல் பாளையக்காரர், இறைவனை வழிபட அனுமதி கேட்டு உள்ளே வந்து, கைவிலங்கு தெறிக்க மறைந்துபோனார் என்பது அவ்வூரார் நம்பிக்கை. வரலாற்றாசிரியர்கள் ஒப்பமாட்டார்கள். அவ்வறையின் முன் நின்றபோது அந்த வழக்கு நமக்குப் பெரிதாகப் படவில்லை. வெள்ளையன் குண்டால் அவரை வீழ்த்த முடியவில்லை என்று சொல்ல மக்கள் விரும்பியிருக்கிறார்கள். வியப்பு என்னவென்றால், ஒரு நூற்றாண்டுக்குப் பின் வெள்ளையரும் ஏறக்குறைய அதையே நம்பினார்கள்: சுட்டாலும் இவர்கள் விழுவதில்லை!

1895இல் வடமேற்கு எல்லையில் நடந்த சித்ரால் போரில் இப்புகார் வலுத்தது. புதிய துப்பாக்கியின் உலோக உறையிட்ட மெல்லிய குண்டு உடலைத் துளைத்து அப்பால் போய்விடுகிறது, அடிபட்டவன் ஓடிவந்துகொண்டேயிருக்கிறான் என்றார்கள். கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச்சாலையில் காப்டன் பெர்ட்டி-கிளே இதற்கொரு வழி கண்டார். குண்டின் நுனியில் உறையை நீக்கி ஈயத்தைத் திறந்துவிட்டார். உடலுக்குள் நுழைந்ததும் ஈயம் பூப்போல விரியும். புண் பன்மடங்கு பெரிதாகும். டம்டம் என்ற வங்கத்து ஊர்ப்பெயர் உலக அகராதிகளில் ஏறியது இப்படித்தான்.

நீள்துப்பாக்கிக்குச் செய்ததைக் கைத்துப்பாக்கிக்கும் செய்தார்கள். அதிகாரிகளின் இடுப்பில் தொங்கிய வெப்ளி சுழல்துப்பாக்கிக்கென 1898இல் மூன்றாம் வகைத் தோட்டா வந்தது. ஏறத்தாழ 14 கிராம் ஈயம்; முன்னும் பின்னும் கிண்ணம்போல் குழிந்த உருளை. மெதுவாகப் போகும் குண்டு, ஆனால் பட்ட இடத்தில் தட்டையாகப் பரவும். அதற்கு வழங்கிய ஆங்கிலப் பெயரை 'ஆள்நிறுத்தி' என்று தமிழாக்கலாம். கொல்லி என்றில்லை, நிறுத்தி! ஏதோ வண்டியை நிறுத்துவதுபோல.

1899இல் ஹேக் நகரில் கூடிய சமாதான மாநாட்டில் விரியும் குண்டுகளைத் தடைசெய்யும் பிரகடனம் எழுந்தது. எதிர்த்து வாக்களித்தவை பிரிட்டனும் அமெரிக்காவுமே. பிரிட்டிஷ் பிரதிநிதி ஆர்டாவின் வாதம் நம் கவனத்துக்குரியது. நாகரிகச் சிப்பாய் காயம்பட்டால் ஒதுங்கிப் படுத்துவிடுவான். காட்டுமிராண்டியோ பாய்ந்து வருவான், ஆகவே அவனுக்கு வேறு குண்டு வேண்டும் என்பது அதன் சாரம். பிரகடனமும் அப்படியொன்றும் பெருந்தன்மையானதல்ல. அது கையொப்பமிட்ட அரசுகள் தமக்குள் நடத்தும் போரை மட்டுமே கட்டுப்படுத்தியது. நம்மவர் எவரும் அதில் கையொப்பமிடவில்லை, இடும் நிலையிலும் இல்லை. ஆயினும் ஆள்நிறுத்தி 1900இல் படையிலிருந்து விலக்கப்பட்டது. பிரிட்டன் பிரகடனத்தை ஏற்றது 1907இல். பின்னர் வந்த நான்காம் வகையில் குழியைத் தூர்த்து மூக்கைத் தட்டையாக்கினார்கள். வக்கீல் மூளை வேலைசெய்திருக்கிறது.

பிற்காலத்து விசித்திரங்கள் பல. 1960களின் அமெரிக்க ஜைரோஜெட் கைத்துப்பாக்கி குட்டி ராக்கெட்டுகளை எய்தது. குழலை விட்டு மந்தமாகக் கிளம்பி, போகப்போக வேகம் பிடிக்கும். அவை வெறும் விளையாட்டுப் புத்தி. ஆள்நிறுத்திக்குப் பின்னால் மனிதரைத் தரம்பிரிக்கும் ஒரு கணக்கு இருந்தது.

இங்கே நெல்லைச் சீமையில் 1801க்குப் பின் பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமமின்றித் துப்பாக்கி வைப்பதைக் குற்றமாக்கியது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங்.