பழைய வீடுகளில் ஈயப் பெயின்ட்: அமெரிக்க விதிகளின் வரலாறு

வெள்ளை ஈயம் எனப்படும் ஈயக் கார்பனேட்டை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துப் பூசுவது பல நூற்றாண்டு வழக்கம். அது மரத்தை இறுகப் பற்றும். மழை வெயிலைத் தாங்கும். அதனால் அமெரிக்க வீடுகளின் கதவு, ஜன்னல், படிக்கட்டுக் கைப்பிடி என எங்கும் அந்தப் பெயின்ட் ஏறியது. அதன் நச்சுத்தன்மையும் முன்பே தெரிந்ததுதான். 1904இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரக் கண் மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன், குழந்தைகளைத் தாக்கிய ஈய நோய்க்கு வீட்டுச் சுவர்களிலும் வராந்தா அழிகளிலும் இருந்த பெயின்டே காரணம் என்று எழுதினார். 1921இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, கட்டடங்களின் உட்புற வேலையில் வெள்ளை ஈயத்தைத் தடுக்கும் உடன்படிக்கையை நிறைவேற்றியது. அமெரிக்கா அதை ஏற்கவில்லை.

அங்கே நகரங்களே முதலில் விழித்துக்கொண்டன. 1951இல் பால்டிமோர் வீடுகளின் உட்புறத்தில் ஈயப் பெயின்டைத் தடை செய்தது. 1960இல் நியூயார்க் தொடர்ந்தது. நாடு முழுவதற்குமான முதல் சட்டம் 1971இல்தான் வந்தது. 1978இல் வீட்டுப் பெயின்டில் ஈயம் 0.06 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு விதிக்கப்பட்டது. 2009இல் அது 0.009 சதவீதமாகக் குறைந்தது.

இந்தத் தடைகள் கடையில் விற்கும் பெயின்டுக்கே பொருந்தின. ஏற்கெனவே சுவரில் ஏறிய பெயின்ட் அங்கேயே இருந்தது. ஜன்னலை மேலும் கீழும் தள்ளும்போது சட்டங்கள் உரசி, ஈயத் தூசி விளிம்பில் படியும். தவழும் குழந்தையின் விரல்களில் அது ஒட்டி வாய்க்குள் போகும். வளரும் மூளையைப் பாதிக்கும். பழுதுபார்ப்பு இதைவிட ஆபத்தானது. பழைய பெயின்டை உப்புத்தாளால் தேய்த்தும் தீச்சுவாலையால் கருக்கியும் எடுத்தபோது வீடே ஈயத் தூசியால் நிறைந்தது. ஈயத்தை அகற்றுவதற்கென்று இப்படி வேலை செய்த வீடுகளிலேயே தூசி கூடியதையும் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியதையும் 1980களில் பால்டிமோரில் நடந்த ஆய்வுகள் காட்டின. பெயின்டோடு வேலை முறையையும் கட்டுப்படுத்தியாக வேண்டும் என்பது அப்போது தெளிவானது.

1992இல் நாடாளுமன்றம் இதற்கான சட்டத்தை இயற்றியது. 1978க்கு முன் கட்டிய வீட்டை விற்பவரும் வாடகைக்கு விடுபவரும் தமக்குத் தெரிந்த ஈய அபாயத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது 1996இல் நடைமுறைக்கு வந்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008இல் வெளியிட்ட புதுப்பிப்பு வேலை விதி 2010 ஏப்ரல் 22 முதல் முழுமையாக அமலானது. அத்தகைய வீடுகளிலும், சிறு குழந்தைகள் தங்கும் காப்பகம், பள்ளி போன்ற இடங்களிலும் கூலிக்கு வேலை செய்யும் நிறுவனம் சான்று பெற்றிருக்க வேண்டும். பயிற்சி பெற்ற ஒருவர் வேலையை மேற்பார்க்க வேண்டும். உள்ளே ஓர் அறைக்கு 6 சதுர அடி, வெளியே 20 சதுர அடி வரையிலான சிறு பழுதுகளுக்கு விலக்கு உண்டு. ஜன்னல் மாற்றும் வேலைக்கு அந்த விலக்கு இல்லை.

வேலை நடக்கும் இடத்தில் பிளாஸ்டிக் விரித்துத் தூசி வெளியேறாமல் அடைக்க வேண்டும். தீச்சுவாலையால் பெயின்டைக் கருக்கக் கூடாது. நுண்தூசி வடிகட்டி இணைக்காத இயந்திரத்தால் தேய்க்கக் கூடாது. வேலை முடிந்ததும் ஈரத் துணியால் தரையையும் ஜன்னல் விளிம்பையும் துடைத்து, துணியின் நிறத்தை மாதிரி அட்டையோடு ஒப்பிட வேண்டும். அட்டையைவிடத் துணி கறுத்திருந்தால் மீண்டும் சுத்தம் செய்ய வேண்டும். பதிவேடுகளை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

தான் குடியிருக்கும் சொந்த வீட்டில் தானே வேலை செய்பவரை இந்த விதி பொதுவாகக் கட்டுப்படுத்துவதில்லை. ஆனால் அந்த வேலையில் கிளம்பும் தூசியும் குழந்தைக்கு அதே கேட்டைத்தான் செய்யும். ஆகவே அவர்களும் இதே முறைகளைக் கைக்கொள்ளுமாறு முகமை அறிவுறுத்துகிறது.