ஃபோர்-பை-ஃபோர் வண்டிக்குப் புல் பார்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கேமரன் மலையில் காய்கறி ஏற்றிச் செல்லும் பழைய லேண்ட் ரோவர்களைப் பார்த்திருப்பீர்கள். வார இறுதியில் காட்டுப் பாதைக்குக் கிளம்பும் ஹைலக்ஸ், ரேஞ்சர் வரிசையையும் பார்த்திருப்பீர்கள். பல வண்டிகளின் முகப்பில் தடித்த இரும்புச் சட்டம் ஒன்று இருக்கும். அதுதான் புல் பார்.

பார்க்கக் கம்பீரம்தான். ஆனால் அது எதைக் காப்பாற்றுகிறது? யாருக்கு ஆபத்து? "எல்லாரும் போடுறாங்க, நானும் போடுறேன்" என்று பட்டறைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய விவரங்கள் இவை.

புல் பார் எதுக்கு?

இதன் தேவையைப் புரிந்துகொள்ள ஆஸ்திரேலியாவைப் பார்க்க வேண்டும். அங்கே உட்பகுதிச் சாலைகளில் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே 200, 300 கிலோமீட்டர் இருப்பது சாதாரணம். அந்தி நேரத்தில் கங்காரு திடீரென்று குறுக்கே பாயும். சிவப்புக் கங்காருவின் ஆண் 80 கிலோவுக்கு மேல் இருக்கலாம். மோதிய வேகத்தில் ரேடியேட்டர் உடைந்தால் எஞ்சின் சூடாகி வண்டி அங்கேயே நின்றுவிடும். தண்ணீரும் கைத்தொலைபேசி அலையும் இல்லாத இடத்தில் அது உயிர் பிரச்சினை.

ஆகவே புல் பாரின் முதல் வேலை, மோதலுக்குப் பிறகும் வண்டி ஓடும்படி ரேடியேட்டரையும் முகப்பு விளக்குகளையும் காப்பது. உள்ளே இருக்கும் உங்களைக் காப்பது இருக்கைவார், காற்றுப்பை, மோதலில் நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் முன்பகுதி ஆகியவைதான். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நம் காட்டுச் சாலைகளில் யானையும் தாப்பிரும் கடக்கின்றன. 2025 மே 11ஆம் தேதி கெரிக்-ஜெலி நெடுஞ்சாலையில் லோரி மோதி யானைக் கன்று ஒன்று மாண்டது. லோரிக்கு அடியில் சிக்கிய கன்றை விட்டு நகராமல் தாய் யானை லோரியை முட்டித் தள்ளிய காட்சி பலர் மனத்தை உலுக்கியது. யானையோடு மோதும் வண்டியை எந்தச் சட்டமும் காப்பாற்றாது. அங்கே உதவுவது குறைந்த வேகம் மட்டுமே.

என்னென்ன வகை இருக்கு?

முழு புல் பார்: வண்டியின் சொந்த பம்பரைக் கழற்றிவிட்டு, சேஸியோடு நேரடியாகப் பொருத்தப்படுவது. விளக்குகளுக்கு மேலே வளைகுழாய்கள் இருக்கும். பெரிய விலங்குகள் நடமாடும் நீண்ட சாலைகளுக்கு இது ஏற்றது. எடையும் அதிகம்.

வளைகுழாய் இல்லாத வின்ச் பார்: பம்பருக்குப் பதிலாக வரும் தட்டையான சட்டம். சேற்றில் சிக்கினால் இழுத்தெடுக்கும் வின்ச் இதற்குள் உட்காரும். காட்டுப் பாதையே முக்கியம், விலங்கு மோதும் வாய்ப்பு குறைவு என்பவர்களுக்கு இது போதும்.

நட்ஜ் பார்: பம்பருக்கு முன்னால் பொருத்தும் சிறிய குழாய்ச் சட்டம். கூடுதல் விளக்கு மாட்டலாம், வண்டி நிறுத்துமிடத்தில் லேசான உரசலைத் தாங்கும். அவ்வளவுதான். இதை நம்பிக் காட்டுக்குள் போகாதீர்கள்.

அடித்தட்டு: எஞ்சினுக்குக் கீழே பொருத்தும் உலோகத் தகடு. மலேசியக் காட்டுப் பாதைகளில் கல்லும் மரவேரும் வண்டியின் அடிவயிற்றைத்தான் பதம் பார்க்கின்றன. முதல் செலவை எதில் செய்வது என்று யோசித்தால், பலருக்குப் புல் பாரைவிட இதுவே பயன்படும்.

இரும்பா, அலுமினியமா, பிளாஸ்டிக்கா?

இரும்பு வலுவானது. வளைந்தாலும் சாதாரணப் பட்டறையிலேயே நிமிர்த்தலாம், பற்றவைக்கலாம். ஆனால் கனம். சாயம் உரிந்த இடத்தில் நம் ஈரக் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

அலுமினியம் இலகுவானது, இரும்பைப் போலத் துருப்பிடிக்காது. பலமாக அடி வாங்கினால் விரிசல் விடலாம். அதைப் பற்றவைக்கத் தனித் திறன் வேண்டும், எல்லாப் பட்டறையிலும் ஆகாது.

ஆஸ்திரேலியாவில் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் சட்டங்களும் விற்கின்றன. சின்ன மோதலில் நெளிந்து மீண்டும் பழைய வடிவத்துக்கே திரும்பும். நடந்து போகிறவர் மீது பட்டாலும் இரும்பு அளவுக்குக் கடினமாக இருக்காது. தோற்றம் மட்டும் எல்லாருக்கும் பிடிக்காது.

எடையை யாரும் சொல்ல மாட்டாங்க

இரும்பு முழு புல் பார் ஒன்று வகைக்கு ஏற்ப 40 முதல் 80 கிலோ வரை வரலாம். வின்ச் சேர்த்தால் இன்னும் ஏறும். இந்த எடை முன் சக்கரங்களுக்கும் முன்னால் தொங்குகிறது என்பதுதான் விஷயம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன் சக்கர அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் இடையே 3.1 மீட்டர் உள்ள பிக்கப் ஒன்று. முன் அச்சுக்கு 0.9 மீட்டர் முன்னால் 90 கிலோ கூடுகிறது. ஏற்றமரம் மாதிரிதான் இது. முன் அச்சின் மேல் விழும் சுமை 90 இல்லை, ஏறக்குறைய 116 கிலோ கூடும். பின் அச்சில் 26 கிலோ குறையும். அதாவது முன்பக்கம் அமுங்கும், பின்பக்கம் லேசாகும். மழையில் வெறும் பிக்கப்பின் பின்சக்கரம் வழுக்குவது ஏற்கெனவே தெரிந்ததுதானே!

அதனால் முன் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டிவரலாம். அந்தச் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள். முன் அச்சுக்கு உற்பத்தியாளர் குறித்திருக்கும் உச்ச வரம்பைக் கையேட்டில் பாருங்கள். பொருத்திய பிறகு விளக்கொளியின் உயரத்தைச் சரிசெய்யவும் மறக்காதீர்கள்.

காற்றுப்பையும் ரேடாரும்

காற்றுப்பை எப்போது விரிய வேண்டும் என்பதை, முன்பகுதி நசுங்கும் விதத்தை வைத்தே வண்டியின் கணினி முடிவு செய்கிறது. கண்டபடி பற்றவைத்த இரும்பை நேராகச் சேஸியில் முடுக்கினால் அந்தக் கணக்கு மாறிவிடும். காற்றுப்பை தேவையில்லாத நேரத்தில் விரியலாம், தேவையான நேரத்தில் தாமதிக்கலாம். தரமான சட்டங்களின் தாங்கிகள் குறிப்பிட்ட விசையில் நசுங்கும்படி, அந்த மாடல் வண்டிக்கென்றே வடிவமைக்கப்படுகின்றன. "எல்லா வண்டிக்கும் பொருந்தும் பாஸ்" என்று யாராவது சொன்னால் வெளியே வந்துவிடுங்கள்.

புதிய வண்டிகளில் தானியங்கி பிரேக்குக்கான ரேடார் பெரும்பாலும் முகப்பில்தான் இருக்கிறது. சட்டம் அதை மறைத்தால் அது குருடாகும். பொருத்திய பிறகு ரேடாரை மறுபடி அளவமைக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

நடந்து போறவங்களுக்கு என்ன ஆகும்?

இன்றைய கார்களின் பம்பரும் பானட்டும் மனித உடல் பட்டால் கொஞ்சம் வளைந்துகொடுக்கும்படி செய்யப்படுகின்றன. அவற்றுக்கு முன்னால் வளையாத இரும்பை நிறுத்தினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். வளைகுழாயின் உயரம் பெரியவரின் இடுப்புக்கு வரும். சிறு பிள்ளைக்கு அது நெஞ்சு, தலை.

இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2005ஆம் ஆண்டு விதிமுறையில், இத்தகைய சட்டங்கள் பாதசாரிப் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்றது. இந்திய மத்திய அரசு 2017 டிசம்பரில், புல் பார் பொருத்திய வண்டிகள் மீது நடவடிக்கை எடுக்க மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. ஆஸ்திரேலியா தடை செய்யவில்லை, ஆனால் ஏ.எஸ். 4876.1 என்ற தர அளவுகோல் அங்கே உண்டு. கூரிய விளிம்பு கூடாது, சட்டம் வண்டி முகப்பின் வடிவத்தை ஒட்டியே இருக்க வேண்டும் என்பது அதன் போக்கு.

நம்ம ஊரில் பொருத்தலாமா?

மலேசியாவில் வண்டியின் அமைப்பை மாற்றும் முன் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் ஒப்புதல் பற்றிக் கேட்டறிவது உங்கள் பொறுப்பு. "நாங்க பார்த்துக்கிறோம்" என்று கடைக்காரர் சொன்னாலும் அபராதமும் விசாரணையும் வண்டி உரிமையாளருக்குத்தான். சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையம் வாகன மாற்றங்களை ஒப்புதல் தேவையில்லாதவை, தேவைப்படுபவை, அனுமதிக்கப்படாதவை என்று பிரிக்கிறது. உங்கள் சட்டம் எந்தப் பிரிவு என்பதை ஆணையத்திடமே உறுதிசெய்யுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இழப்பீடு மறுக்கப்பட்டால் நஷ்டம் உங்களுக்கே.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

- இது என் வண்டியின் மாடலுக்கும் ஆண்டுக்கும் உரியதா? காற்றுப்பையோடு பொருந்தும் என்பதற்கு எழுத்துச் சான்று உண்டா?
- எடை எவ்வளவு? முன் ஸ்பிரிங் மாற்ற வேண்டுமா?
- ரேடார், கேமரா, பதிவு எண் பலகை மறைகிறதா? ரேடியேட்டருக்குக் காற்று போகுமா?
- மேட்டில் ஏறும்போது சட்டத்தின் கீழ் விளிம்பு தரையில் இடிக்குமா?
- இழுவைக் கொக்கி சேஸியோடு சேர்ந்ததா? எத்தனை டன் தாங்கும்? சிக்கிய வண்டியை எடுக்க, சட்டத்தின் குழாயில் பட்டையைக் கட்டவே கூடாது. குழாய் பிய்ந்தால் அது குண்டுபோலப் பாயும்.

பெர்த்தில் படிக்கவோ வேலைக்கோ போகிறீர்களா? ஊர் எல்லைக்குள் மட்டும் ஓட்டுவதென்றால் புல் பார் தேவையே இல்லை. வெளியூர்ச் சாலையில் அந்தி முதல் விடியல் வரை ஓட்டுவதைத் தவிருங்கள். கங்காரு குறுக்கே வந்தால் ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பாமல், நேராகவே பிரேக் அழுத்துங்கள். வெட்டித் திருப்பும்போது வண்டி கவிழ்வதும் மரத்தில் மோதுவதும் கங்காரு மீது மோதுவதைவிட ஆபத்து.

நகரத்தில் வேலைக்குப் போய்வரும் வண்டியா உங்களுடையது? அப்படியென்றால் தொழிற்சாலையில் வந்த பம்பரே போதும். மாதம் ஒருமுறை காட்டுக்குப் போகிறவர் அடித்தட்டு, தரமான இழுவைக் கொக்கி இரண்டில் தொடங்கலாம். முழு புல் பார், விலங்குகள் நடமாடும் தொலைதூரச் சாலையில் அடிக்கடி ஓட்டுபவருக்கு.