குரூஸ் கன்ட்ரோல்

ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும், அவர் குறித்துவிட்ட வேகத்திலேயே காரை ஓடவைக்கும் அமைப்பு குரூஸ் கன்ட்ரோல். ஸ்டியரிங்கைத் திருப்புவதும் சாலையைப் பார்ப்பதும் அதன் வேலை அல்ல. அதன் எளிய வடிவத்துக்குத் தெரிந்தவை இரண்டே எண்கள்: கார் இப்போது ஓடும் வேகம், ஓட வேண்டிய வேகம். அதன் திறமையும் ஆபத்தும் இந்தக் குறுகிய அறிவிலிருந்தே பிறக்கின்றன.

வேகத்தைத் தானாகவே சீராக்கும் கருவி காரைவிடப் பழையது. 1788-இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி எஞ்சினில் சுழலும் இரு குண்டுகளைப் பொருத்தினார். எஞ்சின் வேகம் கூடினால் குண்டுகள் விலகி மேலெழும். அவற்றோடு இணைந்த வால்வு நீராவியைக் குறைக்கும். வேகம் தணிந்தால் குண்டுகள் தாழ்ந்து வால்வு திறக்கும். 1900-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பியர்லெஸ் போன்ற சில கார்களிலும் இவ்வகைக் கருவி இடம்பெற்றது.

இன்றைய வடிவத்துக்கு மூலவர் ரால்ஃப் டீட்டர் (1890–1982). அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து ஹேகர்ஸ்டவுனைச் சேர்ந்த இவர் ஐந்து வயதில் கத்தி பட்டுப் பார்வையை இழந்தவர். 1912-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். முதல் உலகப் போரின்போது போர்க்கப்பல் டர்பைன்களின் சுழலிகளை அதிர்வின்றிச் சமன்படுத்தும் வேலையில் இவருடைய விரல்களின் நுட்பம் பெயர் பெற்றது. பின்னர் பெர்ஃபெக்ட் சர்க்கிள் என்ற பிஸ்டன் ரிங் நிறுவனத்தின் தலைவரானார். 1936-இல் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்துக்கும் தலைமை வகித்தார். இவருடைய வழக்கறிஞர் கார் ஓட்டும்போது, தான் பேசினால் வேகத்தைக் குறைப்பாராம், பிறர் பேச்சைக் கேட்டால் கூட்டுவாராம். அந்த இழுபறிதான் டீட்டரை இந்தக் கருவியை நோக்கித் தள்ளியது என்பார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எரிபொருளையும் டயரையும் மிச்சப்படுத்த அமெரிக்க அரசு விதித்த மணிக்கு 35 மைல் வரம்பும் தூண்டுதலாக இருந்தது. சாலையைக் காண முடியாதவர், வேகத்தின் ஏற்ற இறக்கத்தை மற்றவர்களைவிடக் கூர்மையாக உடலில் உணர்ந்திருப்பார் என்று கருத இடமுண்டு.

1950-இல் காப்புரிமை பெற்ற அவருடைய கருவி முதலில் வேகத்தைப் பிடித்துவைக்கவில்லை, காலை எதிர்த்துத் தள்ள மட்டுமே செய்தது. குறித்த வேகம் வந்ததும் மிதி விறைத்துக்கொள்ளும். காலை எடுத்துவிட்டாலும் வேகத்தைத் தக்கவைக்கும் மின்காந்தப் பூட்டு பிறகு சேர்ந்தது. பிரேக்கைத் தொட்டால் பூட்டு விடுபடும். 1958-ஆம் ஆண்டு மாடல் கிரைஸ்லர் கார்களில் ‘ஆட்டோ பைலட்’ என்ற பெயரில் இது விற்பனைக்கு வந்தது. குரூஸ் கன்ட்ரோல் என்ற பெயர் காடிலாக் வைத்தது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் எரிபொருள் சிக்கனத்தில் நாட்டம் கூடியபோது, இது ஆடம்பரக் கார்களைத் தாண்டிப் பரவியது.

ஆக்சிலரேட்டரை ஓரிடத்தில் கட்டிவைத்தால் வேகம் நிலைக்காதா என்று கேட்கலாம். ஒரு கணக்கு போட்டால் விடை கிடைக்கும். 1,500 கிலோ எடையுள்ள கார் சமதளத்தில் மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் ஓடக் காற்றையும் டயர் உராய்வையும் வென்றால் போதும். அதற்குச் சுமார் 13 குதிரைத்திறன் செலவாகும். அதே கார் 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் ஏற்றத்தில் அதே வேகத்தில் ஏற, எடையைத் தூக்குவதற்கு மட்டுமே கூடுதலாகச் சுமார் 25 குதிரைத்திறன் வேண்டும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத ஒரு ஏற்றம் தேவையை மும்மடங்கு ஆக்கிவிடுகிறது. எதிர்க்காற்றுக்கும் கூடுதல் பயணிகளுக்கும் தேவை இப்படியே மாறும். எனவே திறனை ஓயாமல் திருத்திக்கொண்டே இருந்தால்தான் வேகம் மாறாமல் நிற்கும்.

திருத்துவதற்கான வழி பின்னூட்டம். சக்கரத்தில் அல்லது கியர்பாக்ஸில் உள்ள சென்சார் சுழற்சியை அளந்து கணினிக்கு அனுப்புகிறது. கணினி அதைக் குறித்த வேகத்தோடு ஒப்பிட்டு வேறுபாட்டைக் காண்கிறது. வேறுபாட்டின் அளவுக்கேற்ப மட்டும் எஞ்சினுக்குள் காற்றை விடும் வால்வான த்ராட்டிலைத் திறந்தால் ஒரு சிக்கல் வரும். ஏற்றத்தில் கூடுதல் திறன் தொடர்ந்து தேவை; ஆனால் வேறுபாடு மறைந்தால் கூடுதல் திறப்பும் மறைந்துவிடும். ஆகவே 90-க்குக் குறித்த கார் 87-இல் போய் நின்றுவிடலாம். இதைத் தீர்க்க, கணினி வேறுபாட்டை நேரத்தோடு கூட்டிக்கொண்டே வருகிறது. தீராத கடனுக்கு வட்டி ஏறுவதுபோல் இந்தக் கூட்டுத்தொகை வளர, த்ராட்டிலும் மேலும் திறந்து, வேகம் 90-ஐத் தொட்ட பிறகே வளர்ச்சி நிற்கும். ஏற்றம் முடிந்ததும் சேர்ந்த தொகை உடனே கரையாததால் சில கார்கள் உச்சியில் சற்று வேகம் மிஞ்சிப் பாய்வதுண்டு. அதை அடக்க, வேறுபாடு எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதையும் சில அமைப்புகள் கணக்கில் சேர்க்கின்றன. திருத்தம் மிகையாகி வேகம் ஊசலாடும் தொல்லை வாட்டின் குண்டுகளுக்கும் இருந்தது. 1868-இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் அதற்குக் கணித விளக்கம் தந்தார்.

பழைய கார்களில் கட்டளையை நிறைவேற்றியது எஞ்சினின் உறிஞ்சு வெற்றிடம். வெற்றிடம் ஒரு ரப்பர் சவ்வை இழுக்க, அதனோடு கோத்த கம்பி த்ராட்டிலைத் திறக்கும். இன்றைய கார்களில் ஆக்சிலரேட்டர் மிதிக்கும் த்ராட்டிலுக்கும் இடையே கம்பியே இல்லை, எல்லாம் மின்சைகை. எனவே குரூஸ் கன்ட்ரோலுக்குத் தனியான இயந்திரப் பகுதி ஏதும் தேவைப்படுவதில்லை. சில பொத்தான்களும் கொஞ்சம் மென்பொருளும் போதும்.

பிரேக்கையோ கிளட்ச்சையோ மிதித்தால் அமைப்பு விலகிக்கொள்ளும், ஆனால் குறித்த வேகம் நினைவில் இருக்கும். ‘ரெஸ்யூம்’ பொத்தான் அதை மீட்கும். பல கார்களில் மணிக்குச் சுமார் 40 கி.மீ. வேகத்துக்குக் கீழே எளிய அமைப்பு இயங்காது. இறக்கத்தில் அதனால் த்ராட்டிலை மூட முடியுமே தவிர, பிரேக் போடாத வகைகளில் கார் குறித்த வேகத்தைத் தாண்டி உருளும். மழைச் சாலையில் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று கையேடுகள் எச்சரிப்பதற்கும் காரணம் உண்டு. நீர்ப்படலத்தில் டயரின் பிடி தளரும்போது ஓட்டுநரின் கால் தானாகவே மேலெழும். அமைப்போ சக்கரத்துக்குத் திறனைத் தந்துகொண்டே இருக்கும்.

மூன்றாவது எண்ணாக முன்னால் போகும் வண்டியின் தூரம் சேர்ந்தபோது பிறந்தது தகவமை குரூஸ் கன்ட்ரோல். 1995-இல் மிட்சுபிஷி டயமான்டே லேசர் கொண்டு தூரத்தை அளந்து, த்ராட்டிலையும் கியரையும் குறைத்தது; பிரேக் மட்டும் போடவில்லை. மெர்சிடிஸ்-பென்ஸ் 1999-இல் எஸ்-கிளாஸ் கார்களில் தந்த ‘டிஸ்ட்ரானிக்’ ரேடாரைப் பயன்படுத்தியது. இன்று பரவலாக உள்ள 77 கிகாஹெர்ட்ஸ் ரேடாரில், எதிரொலி திரும்பும் நேரம் தூரத்தையும் அதிர்வெண்ணின் மாற்றம் நெருங்கும் வேகத்தையும் காட்டுகின்றன. முன்வண்டியை மணிக்கு 36 கி.மீ. வேறுபாட்டில் நெருங்கினால் அதிர்வெண் சுமார் 5 கிலோஹெர்ட்ஸ் கூடும். இடைவெளி மீட்டரில் அல்லாமல் நொடியில் குறிக்கப்படுகிறது: 90 கி.மீ. வேகத்தில் 2 நொடி என்றால் 50 மீட்டர்.

ரேடாருக்கும் குருட்டுப் புள்ளிகள் உண்டு. பாலம், பெயர்ப்பலகை, சாலையோர இரும்புத் தடுப்பு எல்லாமே எதிரொலி தருபவை. ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் கார் ஓட முடியாது என்பதால், பல அமைப்புகள் நகராத பொருள்களை வேகமான பயணத்தில் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. முன்வண்டி திடீரென்று தடம் மாறி, அதுவரை மறைந்திருந்த பழுதான லாரி எதிரே தெரிந்தால் அமைப்பு கைவிட்டுவிடலாம்.

பல கார்கள் இப்படி ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்போது இன்னொரு கேள்வி எழுகிறது. முதல் காரின் சிறிய தயக்கம் பின்னால் போகப்போகத் தணியுமா, பெருகுமா? மனித ஓட்டுநர்கள் விஷயத்தில் விடை 2008-இல் வெளியான ஜப்பானிய ஆய்வில் தெரிந்தது. 230 மீட்டர் வட்டத்தில் சீராக ஓடச் சொன்ன 22 கார்களில், எந்தத் தடையும் இல்லாமலே நெரிசல் உருவானது. அமெரிக்க ஆய்வாளர்கள் 2018 மாடல் கார்கள் ஏழினைத் தகவமை குரூஸ் கன்ட்ரோலில் ஓடவிட்டுச் சோதித்தபோது, ஏழிலுமே தயக்கம் பின்னோக்கிப் பெருகியது. ஒவ்வொரு காரும் தனக்கு நேர் முன்னால் உள்ள ஒன்றை மட்டுமே அளப்பதும், அளந்த பிறகே அசைவதும் இதற்குக் காரணம். கார்கள் தங்களுக்குள் வானொலி வழியே பேசி, முன்வண்டி பிரேக் போடும் அதே கணத்தில் பின்வண்டிக்குத் தகவல் போகும்படி செய்வது இதற்கு முன்வைக்கப்படும் தீர்வு.