லயத்து விமர்சனம் பிறந்த கதை

இலங்கை மலையகத்தில் சினிமா விமர்சனம் காதில்தான் பிறந்தது. கொட்டகலைத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் ஒரு படம் பார்க்க வேண்டுமென்றால் கொட்டகை உள்ள டவுனுக்குப் போக வேண்டும். சம்பளமும் லீவும் ஒத்துவர வேண்டும். பாட்டுக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. சிங்கமலை ரயில் சுரங்கத்துக்கு அந்தப்பக்கமிருந்து அது காற்றிலேயே வந்துவிட்டது.

அந்தக் காற்றுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. முதல் உலகப்போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்றின் கருவிகளை வைத்துக் கொழும்பில் ஒலிபரப்புக்கு வழி செய்தவர் தந்தித் துறையின் எட்வர்ட் ஹார்ப்பர். 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. இரண்டாம் போரில் நேச நாட்டுப் படைகளுக்காக அமைத்த சக்திவாய்ந்த சிற்றலை நிலையம், போர் முடிந்தபின் இலங்கையின் கைக்கு வந்தது. 1950 இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை பிறந்தபோது அதன் குரல் இந்தியா முழுதும் கேட்டதற்கு அதுவே காரணம்.

அடுத்த உதவி டெல்லியிலிருந்து வந்தது. 1952 இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கும் என்று கருதினார். அகில இந்திய வானொலியில் அதற்கு இடமில்லாமல் போனது. சினிமாப் பாட்டுக்கு இடம் கொடுத்த அதன் விவித பாரதி சேவை வந்தது 1957 இல்தான். அதுவரை சென்னையில் பதிவான பாட்டைத் தமிழ்நாட்டுக்காரர்களே கொழும்பு வழியாகக் கேட்டார்கள். ஆயிரக்கணக்கான மைல் எட்டிய அந்த அலைக்குத் தேயிலை மலை கூப்பிடு தூரம்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் அன்று மின்சாரம் இல்லை. பற்றரி ரேடியோ உள்ள வீட்டு இஸ்தோப்பில் அக்கம்பக்கம் கூடும். மறுநாள் கொழுந்து நிரையிலும் மடுவத்தில் நிறுவைக்குக் காத்திருக்கும்போதும் அந்தப் பாட்டுத்தான் பேச்சு. அந்தப் பேச்சை ரசனை என்று மட்டும் சொல்ல எனக்கு மனமில்லை, அது விமர்சனம். இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் பாட்டை மொட்டையாகப் போடமாட்டார்கள். படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று விவரம் சொல்வார்கள். மூத்த அறிவிப்பாளர் மயில்வாகனன் காலத்துக் குரல்களில் இருந்தே அந்த மரியாதை உண்டு. அதனால்தான் மெட்டு யாருடையது, வரி யாருடையது என்று பிரித்துப் பேச முடிந்தது. கண்ணதாசனை மெச்சிக்கொண்டே இசையைக் குறை சொல்ல முடிந்தது. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன தோட்டங்களில் இந்தப் பாடத்தை நடத்தியது வானொலிதான்.

எழுபதுகளில் படங்களை இறக்குமதி செய்யும் அதிகாரம் அரசின் திரைப்படக் கூட்டுத்தாபனத்துக்குப் போனது. தமிழகப் படங்கள் குறைந்தன, வந்தவையும் தாமதமாக வந்தன. பாட்டுகள் முந்திக்கொண்டன. காதால் கேட்டே காட்சியை மனதில் கட்டியவர்கள், பிறகு படத்தைப் பார்த்துவிட்டு, "பாட்டுல இருந்தது படத்துல இல்லையே" என்றார்கள். வானொலியில் அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாவின் 'திரைவிருந்து' நிகழ்ச்சி அந்தப் பசியைத் தூண்டியது. வசனத் துண்டுக்கு நடுவே தன் குரலால் குறுக்கிட்டு, கேட்பவரையும் வழக்காட வைத்தார் அவர். பி.எச். அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சி, பாட்டு ஞானத்தைப் போட்டியாகவே ஆக்கியது. அச்சில் கே.எஸ். சிவகுமாரன் போன்ற விமர்சகர்கள் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் தோட்டத்தின் தீர்ப்பு பேச்சிலேயே நடந்தது.

1975 இல் அந்தத் தீர்ப்புக்கு வேறொரு வழக்கு வந்தது. தொழிற்சங்கவாதி வி.பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று', மலையக வாழ்வையே படமாக்கியது. இயக்கம் எஸ். ராமநாதன்; வசனம், மலையகத்தின் பெரும் எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப். கூடையை எப்படி மாட்டுவது, காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் யார் எப்படி நிற்பது என்று தெரிந்தவர்களே பார்வையாளர்கள். சென்னைப் படத்தில் தப்பித்துப் போகும் பிழை இங்கே தப்பாது.

இந்த வாய்மொழி விமர்சனத்தை அச்சிலோ ஒலிநாடாவிலோ பிடித்துவைத்தவர்கள் மிகக் குறைவு. கொட்டகலை பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இருக்கிறது. அங்கே ஆசிரியப் பயிற்சி பெறும் பிள்ளைகள் லீவில் ஊருக்குப் போகும்போது அப்பாயியிடமும் அம்மாயியிடமும் கேட்டு எழுதலாம்: எந்தப் பாட்டுக்கு நிரையில் சண்டை வந்தது, யார் ஜெயித்தார், என்ன சொல்லி ஜெயித்தார் என்று.